முதுகெலும்பு ஸ்கேனும் சதவீத வியாபாரமும்

விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கு எலும்பு மருத்துவம் பார்ப்பது என் தொழில். சேலம்–கொச்சி நெடுஞ்சாலை பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாக எங்கள் பக்கத்தைக் கடந்து போகிறது. பனியன் கம்பெனி ஷிஃப்டுக்குப் போகிறவர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர், நாமக்கல் லாரியில் கிளீனராக இருப்பவர் என்று பலரும் புழங்கும் சாலை அது. அடிபட்டவருக்கு டிரிப்ஸ் இறங்கி முடிவதற்குள் விபத்து இழப்பீட்டு வழக்குப் பிடிக்கிற புரோக்கர் கட்டிலருகே வந்து நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். "கேஸை நாங்க பாத்துக்கறமுங்க. ஸ்கேன் காசும் நாங்களே கட்டீர்றோம். பணம் வந்தாக் குடுங்க, போதும்." கையில் காசில்லாத குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதலாகத்தான் இருக்கும்.

இந்தப் புரோக்கர்கள் முதுகெலும்பை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. கால் முறிந்தால் எக்ஸ்ரேயில் முறிவு தெரியும், கூடியதும் தெரியும். முதுகுவலியை அளக்கக் கருவி கிடையாது. அதோடு, நடுவயதுக்காரர் யாரை எம்.ஆர்.ஐ.க்குள் படுக்க வைத்தாலும் அறிக்கையில் ஏதாவது ஒரு வரி வந்துவிடும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. 40 வயதினரில் பாதிப் பேருக்கு டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு, புடைத்திருந்தது. 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். இவர்களெல்லாம் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள்.

தறி ஓட்டுகிற ஒருவர் ஸ்கேன் கவரோடு என்னிடம் வந்தார். பைக்கிலிருந்து விழுந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "ஏனுங்க டாக்டர், ஜவ்வு விலகியிருக்குதுன்னு போட்டிருக்குதுங்களே, இது அந்த அடியிலதானுங்களே?" என்றார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். கீழ் முதுகில் இரண்டு டிஸ்க்குகள் நீர் வற்றிக் கறுத்திருந்தன. எலும்பு ஓரங்களில் முள்போல வளர்ச்சி. அந்த வளர்ச்சி ஓரிரு மாதத்தில் வருவதல்ல. வருடக்கணக்கில் நின்று, குனிந்து, பாவு சுமந்த முதுகுக்கு வருவது. புது முறிவாக இருந்தால் எலும்பு மஜ்ஜைக்குள் நீர் கோத்திருக்கும், எம்.ஆர்.ஐ.யில் 'ஸ்டிர்' என்ற வகைப் படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். சில மாதங்களில் அந்த வெள்ளை மறைந்துவிடும். ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தை வைத்து, இது விபத்தால் வந்தது என்று நானும் சொல்ல முடியாது, வேறு யாரும் சொல்ல முடியாது. அவரிடம் இருந்த ஊனச் சான்றிதழிலோ 40 சதவீதம் என்று போட்டிருந்தது. கையெழுத்துப் போட்ட டாக்டரை அவர் பார்த்தது ஒரே தடவை.

இழப்பீட்டு வழக்கில் அந்தச் சதவீதத்துக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 38 வயது, மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,80,000. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் வகுத்த அட்டவணைப்படி அந்த வயதுக்கு 15. ஆக மொத்தம் 27 லட்சம். சம்பாதிக்கும் திறனில் 10 சதவீதம் போனால் 2,70,000 ரூபாய், 40 சதவீதம் போனால் 10,80,000. ஒரு தாளில் ஓர் எண்ணை மாற்றி எழுதினால் எட்டு லட்சம் வித்தியாசம். அதில் பங்கு கேட்க எத்தனை பேர் வருவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதே ஏற்பாடு வெளிப்படையான தொழிலாகவே நடக்கிறது. விபத்து வழக்குகளுக்கென்றே முதுகெலும்பு கிளினிக்குகள் உண்டு. இழப்பீட்டிலிருந்து பணம் தருகிறோம் என்று வக்கீல் எழுதிக் கொடுத்தால் ஸ்கேன், ஊசி, அறுவை சிகிச்சை எல்லாம் கடனில் நடக்கும். பில் ஏற ஏறக் கேட்கும் தொகையும் ஏறும். நம் நாட்டில் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசவே வக்கீலுக்கு பார் கவுன்சில் விதி இடம் தரவில்லை. ஆனாலும் அதே பேரம் இங்கே வாய்வார்த்தையாக நடக்கிறது.

நீதிமன்றத்துக்கு இது தெரியும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம், சிகிச்சை கொடுக்காமல் தயார் நிலையில் ஊனச் சான்றிதழ் தரும் மருத்துவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லிவிட்டது. சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது. டாக்டர் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் தீர்ப்பாயம் மருத்துவக் குழுவுக்கு அனுப்பும். உடலின் ஊனச் சதவீதமும் சம்பாத்தியத்தில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்பதையும் அந்தத் தீர்ப்பு விளக்கியிருக்கிறது.

எனக்கு ஆத்திரம் வருவது நிஜமாகவே தண்டுவடம் அடிபட்டவர்களை நினைக்கும்போதுதான். முதுகெலும்பில் இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு நொறுங்கி, துண்டு பின்னால் தள்ளி நரம்பை அழுத்திய ஒரு லாரி கிளீனர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீருக்கு ட்யூப். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும் அலாரம் வைத்து எழுந்து அதை அவர் மனைவி செய்கிறார். அந்த மனிதரின் வழக்கிலும் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், இது பழைய தேய்மானம்தானே என்று கேட்கிறார். பொய்ச் சான்றிதழ்கள் குவியக் குவிய இவருடைய உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது, தீர்ப்பு தள்ளிப்போகிறது.

அடிபட்டவர் வீட்டார் செய்யக்கூடியவை இருக்கின்றன. முதலில் போகும் ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேடு எழுதுகிறபோதே முதுகில், கழுத்தில் வலி இருந்தால் சொல்லி எழுத வையுங்கள். கால் மரத்துப்போவது, சிறுநீர் போக முடியாதது இவற்றை ஒரு மணி நேரம்கூட மறைக்க வேண்டாம். ஸ்கேன் தேவையா, எப்போது தேவை என்பதைச் சிகிச்சை தரும் டாக்டர் சொல்லட்டும். அறிக்கையோடு, ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி.யையும் கேட்டு வாங்கி வையுங்கள். முதல் 48 மணி நேரச் செலவுக்குத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். புரோக்கர் காசு தேவைப்படாது. இழப்பீட்டு மனுவுக்குச் சட்டத்தில் 6 மாதக் கெடு இருப்பதால் வக்கீலை நீங்களே நேரில் பார்த்து, சீக்கிரமே பேசிவிடுங்கள்.

ஸ்கேன் செலவுக்கென்று யாராவது வெற்று செக்கிலோ புரோநோட்டிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லி, தீர்ப்புப் பணம் வங்கிக் கணக்குக்கு வருவதற்கு முன்பே அதைத் திரும்ப வாங்குங்கள்.