பம்பை மெதுவாக இழுங்கள், பொடியை வேகமாக இழுங்கள்

இன்ஹேலர் எழுதிக் கொடுக்கும்போது கூடவே சொல்லப்படுவது பெரும்பாலும் "வாயில வெச்சு நல்லா இழுங்க" என்பதுதான். எப்படி இழுப்பது என்று யாரும் காட்டித் தராவிட்டால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். "பம்ப் அடிச்சும் வீசிங் குறையல" என்று ஒருவர் திரும்பி வந்தால், டோஸைக் கூட்டுவதற்கு முன் கண்ணெதிரே ஒருமுறை இழுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். காரணம் பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.

நம் ஊரில் அதிகம் புழங்குபவை இரண்டு வகை. உலோகக் குப்பியை அழுத்தினால் மருந்து பீய்ச்சி வருவது ஒன்று; இதைத்தான் பம்ப் என்கிறோம். கேப்சூலைப் போட்டு அதிலுள்ள பொடியை இழுப்பது இன்னொன்று. இரண்டையும் இழுக்கும் விதம் நேர் எதிரானது.

பம்பில் மருந்து தானாகவே சீறி வருகிறது. நாமும் வெடுக்கென்று இழுத்தால், துளிகள் தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் பின்சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். நுரையீரலின் சிறு குழாய்கள்வரை போகக்கூடியவை ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துளிகள். அவையும் நிதானமான காற்றோடு போனால்தான் போய்ச் சேரும். ஆகவே மூடியைக் கழற்றியதும் வாய்க்குழாய்க்குள் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். மூடியில்லாமல் பையில் கிடந்த பம்பில் காசு புகுந்து, மூச்சோடு உள்ளே போனதும் உண்டு. பிறகு நன்றாகக் குலுக்குங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை மெல்ல வெளியே விட்டுவிட்டு, குழாயை உதடுகளால் இறுகக் கவ்வுங்கள். நாக்கு குறுக்கே வரக்கூடாது. வாயால் இழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்தி, 4, 5 விநாடி மெதுவாக, ஆழமாக இழுங்கள். 10 விநாடி, முடியாவிட்டால் முடிந்தவரை, மூச்சை அடக்குங்கள். அடுத்த முறை அழுத்த அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்குங்கள். வாயிலிருந்தோ மூக்கிலிருந்தோ புகைபோல மருந்து வெளியே வந்தால், அழுத்தியதும் இழுத்ததும் சேரவில்லை என்று பொருள்.

இந்த ஒத்திசைவு கைவராதவர்களுக்குத்தான் ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் கூடு. பெரியவர்களும் தயங்காமல் பயன்படுத்தலாம். அது குழந்தைகளுக்கு மட்டுமான சாதனம் அல்ல. ஒருமுறை அழுத்தி, ஒரே ஆழ்ந்த மூச்சாகவோ, சாதாரணமாக 5, 6 முறை மூச்சு விட்டு வாங்கியோ மருந்தை எடுக்கலாம். இரண்டு மூன்று முறை சேர்த்து அழுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவரில் படிந்து வீணாகும். கைக்குழந்தைக்கு ஸ்பேசரில் மாட்டும் முகமூடி முகத்தில் இடுக்கின்றிப் பொருந்த வேண்டும். அழும் குழந்தைக்கு வைத்து அழுத்தினால் மருந்து சரியாகப் போகாது, சமாதானப்படுத்திவிட்டுக் கொடுங்கள். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை ஈர்த்துக்கொள்ளும்.

பொடி இன்ஹேலரில் தள்ளிவிட வாயு கிடையாது. உங்கள் மூச்சின் விசைதான் பொடியை உடைத்துத் தூளாக்கி உள்ளே கொண்டுபோகிறது. அதனால் முதல் நொடியிலிருந்தே வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். மூச்சை வெளியே விடும்போது கருவியை வாயிலிருந்து விலக்கி வையுங்கள். மூச்சின் ஈரம் பட்டால் பொடி கட்டிப்படும். இழுத்து முடித்ததும் திறந்து பாருங்கள், பொடி மிச்சமிருந்தால் மறுபடி இழுங்கள். கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். கொடுப்பவர் செய்து காட்டாததே அதற்குக் காரணம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த விசை பொதுவாக வராது. கடும் இளைப்பில் பெரியவர்களுக்கும் போதாமல் போகலாம். அப்போது பம்பும் ஸ்பேசரும்தான் கைகொடுக்கும்.

ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால், எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியலாம், குரல் கம்மலாம்.

"பம்ப் பழகிடும், மாத்திரையே போதும்" என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. இளைப்புக்கு உடனடி நிவாரணம் தரும் சால்பியூட்டமால் பம்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல 40 மடங்கு. அது ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி, கை நடுக்கத்தையும் படபடப்பையும் தருகிறது. கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. ஆஸ்துமாவுக்கு உடனடி நிவாரண பம்பை மட்டுமே அடித்துக்கொண்டு, அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடுவது ஆபத்தானது. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை ஸ்பேசர் வழியாக நிவாரண மருந்தை ஒவ்வொரு அழுத்தமாகக் கொடுத்துக்கொண்டிருங்கள்.

குப்பி தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தகுந்ததல்ல. எண்ணிக்கை காட்டி இல்லாத குப்பியில் தொடங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். தினமும் 4 முறை அழுத்துபவருக்கு 200 அழுத்தக் குப்பி 50 நாள் வரும். அதன் பிறகும் அழுத்தினால் வாயு சீறும். அதில் மருந்து சரியான அளவில் இருக்காது.