புளியமரத்தை அடையாளம் வைத்து வழி கேட்டால்

வாசகர் ஒருவர் தன் மரபணுப் பரிசோதனை அறிக்கையை அனுப்பியிருந்தார். மாரடைப்பு அபாயம் 'சராசரி' என்று போட்டிருக்கிறது. அவருடைய அப்பாவுக்கோ 48 வயதிலேயே மாரடைப்பு. அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்களுக்கு இந்தக் கணிப்பின் துல்லியம் குறையலாம். "டிஎன்ஏவில் எல்லாருக்கும் அதே நாலு எழுத்துதானே சார், எனக்கு மட்டும் ஏன் பொருந்தாது?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. டிஎன்ஏ என்பது A, T, G, C என்ற நாலு வேதி எழுத்துகளின் நீண்ட வரிசை. அதை வைத்து இந்த அபாய மதிப்பெண்ணைத் தயாரிக்கும் முறை எளிது. நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று லட்சக்கணக்கானோரின் டிஎன்ஏவை ஒப்பிட்டு, எந்த இடத்தில் எந்த எழுத்து நோயாளிகளிடம் கொஞ்சம் கூடுதலாகத் தென்படுகிறது என்று பார்ப்பார்கள். அந்த எழுத்துக்கு ஒரு சின்ன மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டினால் உங்கள் அபாயம்.

வில்லங்கம் இனிமேல்தான். நம் டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து. பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற பெரிய மருத்துவ ஆய்வுத் திட்டம் 5 லட்சம் பேரைச் சோதிக்கப் பயன்படுத்திய, டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் சிப், அதில் சுமார் 8 லட்சம் இடங்களைத்தான் நேரடியாகப் படித்தது. மீதியில் பலவற்றை அக்கம்பக்கத்தை வைத்து ஊகிக்கிறார்கள். அப்படி ஊகிக்க முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, அப்பா வழி வந்த குரோமோசோமும் அம்மா வழி வந்ததும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். ஆனால் கோடிக்கணக்கான எழுத்து நீளமுள்ள ஒரு குரோமோசோமில், தலைமுறைக்கு ஒன்றிரண்டு வெட்டுதான் விழும். அதனால் பக்கத்து எழுத்துகள் பல நூறு தலைமுறைகளுக்குப் பிரியாமல் சேர்ந்தே வருகின்றன.

ஊரில் வழி சொல்வதைப் போலத்தான். "புளியமரம் வரும், அதை ஒட்டி டீக்கடை." சிப் பார்ப்பது புளியமரத்தை. நோய்க்குக் காரணமோ டீக்கடை. அதே வழியை நம்பிப் பக்கத்து ஊருக்குப் போனால் மரம் இருக்கும், கடை இருக்காது! ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியது சிறு கூட்டம் என்பதால், அதன் வாரிசுகளான நம்மிடம் இந்தச் சேர்க்கைகள் நீளமானவை. ஆப்பிரிக்காவிலேயே தங்கியவர்கள் எண்ணிக்கையில் அதிகம், ஆகவே துண்டுகள் குட்டை. இந்தியாவிலோ சாதிக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனிச் சாயல். ஐரோப்பியரிடம் எடுத்த மதிப்பெண்ணின் துல்லியம் தெற்காசியரிடம் 37, கிழக்காசியரிடம் 50, ஆப்பிரிக்கரிடம் 78 சதவீதம் குறைகிறது என்று 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்போது இத்தகைய ஆய்வுகளில் இருந்தவர்களில் 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர்.

இதையே திருப்பிப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இங்கேதான் இருக்கிறது. ஓர் ஊரில் மரம், கிணறு, டீக்கடை மூன்றும் எப்போதும் சேர்ந்தே இருந்தால், குற்றவாளி எது என்று பிரிக்கவே முடியாது. அதே மாதிரி ஊர்களை இன்னும் ஆயிரம் பார்த்தாலும் குழப்பம் தீராது. வேறொரு நாட்டில் சில ஊர்களில் மரம் தனியாக நிற்கிறது, அந்த ஊர்களில் நோய் இல்லை. மற்றொரு நாட்டில் சில ஊர்களில் கிணறு தனியாக இருக்கிறது, அங்கேயும் இல்லை. மூன்று நாட்டிலும் நோயோடு சேர்ந்து வருவது டீக்கடை மட்டும். ஆள் அகப்பட்டுவிட்டான்! அவனை வைத்துப் போடும் மதிப்பெண் லண்டனுக்கும் பொருந்தும், நைஜீரியாவின் லாகோஸுக்கும் பொருந்தும். மரபணுத் தரவைப் பகிர்வது ஏழை நாடுகளுக்குச் செய்யும் தர்மம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

சில எழுத்துகள் ஓர் ஊரில் மட்டுமே உண்டு என்பது வேறு விஷயம். இதயத் தசைக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட வடிவம் தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. அதை இதயத் தசை நோயோடு இணைத்த 2009ஆம் ஆண்டு ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. ஐரோப்பியரை மட்டும் பார்த்திருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது.

பகிர்வதென்றால் யாருடைய டிஎன்ஏவும் விமானம் ஏற வேண்டியதில்லை. எழுத்துவாரியான மதிப்பெண் பட்டியலும், எது எதோடு சேர்ந்து வருகிறது என்ற வரைபடமும் போனாலே பெரும்பாலான வேலை நடக்கும். ஜீனோம் இந்தியா திட்டம் 83 சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் தரவை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. வரைபடத்துக்கு அது அருமையான தொடக்கம். மதிப்பெண் போட அது போதாது. லட்சக்கணக்கானோரை இருபது வருடம் விடாமல் பின்தொடர்ந்து, யாருக்கு என்ன நோய் வந்தது என்று குறித்து வைக்க வேண்டும். அந்தச் சலிப்பான வேலைக்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது. அதனால் பணமும் எளிதில் வராது.

அதுவரைக்கும், வாசகரே, அந்த 'சராசரி'யை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். கொலஸ்ட்ரால், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். அப்புறம், உங்கள் அப்பாவின் அந்த 48 வயதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.