சுகர் பீட்டுக்கு தமிழ்ல என்ன பேரு?

சுகர் பீட்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு பொரியல் பண்ற செவப்பு பீட்ரூட்தான் ஞாபகம் வருது. ரெண்டும் ஒரே இனம்தான், அறிவியல் பேரும் ஒண்ணுதான், பீட்டா வல்காரிஸ், ஆனா சர்க்கரை எடுக்கறதுக்குன்னே வளர்க்கற இந்த சுகர் பீட்ட அறுத்தா உள்ள வெள்ளையா இருக்கும், எடையில 15லேர்ந்து 20 சதவீதம் வரைக்கும் சர்க்கரையே இருக்கும்.

பீட்ங்கறது லத்தீன்ல இருந்த பீட்டாதான். சுகர் கதைதான் சுவாரசியம். சமஸ்கிருதத்துல சர்க்கரான்னா பொடிக்கல்னும் அர்த்தம் உண்டு, அது பாரசீகம் அரபி வழியா மேற்க போயி சுகர் ஆச்சு, அதே சொல்லு பிராகிருதம் வழியா நம்மகிட்ட வந்து அக்காரம் ஆச்சு. அக்காரவடிசில்ல இருக்கறது அதேதான்.

1747ல பெர்லின்ல மார்கிராஃப்ங்கற வேதியியலாளர், இந்தக் கிழங்குல இருக்கறதும் கரும்புல இருக்கற அதே சர்க்கரைதான்னு கண்டுபிடிச்சாரு. அவரோட மாணவர் அஷார், இப்போ பெரும்பாலும் போலந்துல இருக்கற சைலீசியாங்கற பகுதியில மாட்டுக்கு போட்டுட்டு இருந்த வெள்ளை பீட்லேர்ந்து நல்லதா பொறுக்கி வளர்த்து, 1801-02 வாக்குல மொத பீட் சர்க்கரை ஆலைய ஆரம்பிச்சாரு. அப்புறம் இங்கிலாந்தோட சண்டையில கரும்புச் சர்க்கரை வராம போக, 1811ல நெப்போலியன் பிரான்ஸ்ல இதை பயிர் பண்ணச் சொல்லி உத்தரவே போட்டாரு.

மாட்டுக்குன்னே வளர்க்கற பீட்டுக்கு இன்னொரு பேரு மாங்கல்வுர்ட்சல். மாங்கோல்ட்னா ஜெர்மன்ல பீட், வுர்ட்சல்னா வேர், அவ்ளோதான், ஆனா மாங்கோல்ட யாரோ மாங்கல்னு, அதாவது பற்றாக்குறைன்னு புரிஞ்சிக்கிட்டு, பிரெஞ்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் இதுக்கு பஞ்சக் கிழங்குன்னே பேரு வச்சிட்டாங்க 😄

சரி தமிழ்ல? சர்க்கரைக் கிழங்குன்னு நேரா மாத்தினா எல்லாரும் சக்கரவள்ளின்னு நினைச்சி அவிக்க எடுத்துட்டு போயிடுவாங்க. பீட்ரூட்டுக்கு செங்கிழங்கு, அக்காரக்கிழங்குன்னு ரெண்டு பேரு சொல்றாங்க. என்னக் கேட்டா செவப்புக்கு செங்கிழங்க விட்டுட்டு, அக்காரக்கிழங்க இந்த வெள்ளைக்கு குடுத்துடலாம், நிஜமாவே அக்காரம் எடுக்கறது இதுலதானே. மாட்டுக்கு போடறத தீவன பீட்னே சொல்லலாம்.

சாறு எடுத்தப்புறம் மிஞ்சறதுக்கு புதுசா சொல்லு தேட வேணாம், சக்கைதான். கரும்புச் சக்கை பெரும்பாலும் ஆலை பாய்லருக்கு எரிக்கப் போகுது, பீட் சக்கை மாட்டுத் தொட்டிக்கு போகுது. தழையும் மாடு தின்னும், ஆனா ஆக்சாலிக் அமிலம் இருக்கறதால வாட வச்சு அளவாத்தான் போடுவாங்க.