ஓடிய தூரமும் ஓடிய விதமும்

ஓடோமீட்டரில் 2,10,000 என்ற எண்ணைப் பார்த்ததுமே பலர் அந்தப் பழைய டீசல் காரை விட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் 80,000 காட்டும் இன்னொன்று நின்றால் மனம் அங்கே ஓடிவிடும். டீசல் இன்ஜினைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பல நேரங்களில் தலைகீழாகிவிடுகிறது.

கொஞ்சம் வகுத்துப் பார்ப்போம். முதல் கார் பெரும்பாலும் நெடுஞ்சாலையில், சராசரியாக மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது என்று வைத்துக்கொண்டால், அதன் இன்ஜின் சுழன்றது 3,000 மணி நேரம். இரண்டாவது கார் நகர நெரிசலில் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்திருந்தால் 4,000 மணி நேரம். முன்னது ஒவ்வொரு தடவையும் 60 கிலோமீட்டர் போயிருந்தால் 3,500 முறைதான் ஸ்டார்ட் ஆகியிருக்கும். பின்னது ஐந்தைந்து கிலோமீட்டராகப் போயிருந்தால் 16,000 முறை! ஓடோமீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றை. இன்ஜின் பட்ட பாடு அதற்குத் தெரியாது.

ஸ்டார்ட் செய்வதில் அப்படி என்ன பாடு? பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி தருகிறது. டீசலில் அது கிடையாது. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய இன்ஜினின் அடிப்படைதான் இன்றும்: காற்றை மட்டும் உள்ளே இழுத்து, ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்கினால் அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும், அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே இன்ஜினின் உடலான பிளாக், அதன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன், அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் எல்லாம் கனமாகச் செய்யப்படுகின்றன. சுழற்சி வேகமும் பெட்ரோலைவிடக் குறைவு. நீண்ட ஆயுளுக்குக் காரணம் இவைதான்.

ஆனால் ஆறிப்போன இன்ஜினில், நசுக்கப்பட்ட காற்றின் சூட்டை உலோகம் உறிஞ்சிக்கொள்கிறது. டீசல் முழுமையாக எரியாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவுகிறது. கெட்டியாகிக் கீழே இறங்கியிருக்கும் ஆயில் மேலே வந்து சேரச் சற்று நேரமாகும். தேய்மானத்தில் கணிசமான பங்கு இந்தச் சில நிமிடங்களில்தான். சூடேறிச் சீராக ஓடும்போது உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே ஆயில் நிற்பதால் உரசலே குறைவு.

ஆக, இரண்டு லட்சம் கிலோமீட்டரில் பிளாக்கைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். பர்ஸைக் காலி செய்வது அதைச் சுற்றி மாட்டியிருக்கும் பாகங்கள். நவீன இன்ஜெக்டர்கள் 1,600 முதல் 2,000 பார் (சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய அத்தனை மடங்கு) வரையிலும் அதற்கு மேலும் அழுத்தத்தில் டீசலைப் பீச்சுகின்றன. உள்ளிருக்கும் இடைவெளிகள் சில மைக்ரான்களே, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. எரிபொருளில் வந்த துளித் தண்ணீரோ தூசியோ போதும், வேலையைக் கெடுக்க. புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டுவது. அதைக் காப்பாற்றுவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். நேரத்துக்கு ஆயில் மாற்றாதவரின் காரில் முதலில் போகக்கூடியது அதுதான். இன்ஜினிலிருந்து வரும் அதிர்வை விழுங்குவதற்காகப் பல டீசல் கார்களில், இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்குள்ளேயே ஸ்பிரிங்குகள் இருக்கும். அது தளர்ந்துவிட்டால், கிளட்ச் மாற்றும்போது அதையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட ஓட்டும் விதத்தை அப்படியே பதிவு செய்துவைப்பது டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி. புகையிலுள்ள கரியை அது பிடித்துவைக்கிறது. நிறைந்ததும் அதை எரித்துச் சுத்தம் செய்ய 600 டிகிரி அளவில் சூடு வேண்டும். கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர் இதற்காகக் கூடுதல் டீசலைப் பீச்சி, புகையின் சூட்டை ஏற்றுகிறது. பத்து, இருபது நிமிடம் தொடர்ந்து ஓடினால் வேலை முடியும். பாதியில் நிறுத்திவிட்டால்? எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் ஆயில் நீர்த்து, அளவுக் குச்சியில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கும். ஆயில் குறைவாக இருந்தால் பதறுபவர்கள், அதிகமாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள்; பதற வேண்டியது இங்கேதான்.

நெடுஞ்சாலைக் காருக்கும் இதில் விலக்கு கிடையாது. கரி எரியும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டிக்குள்ளேயே சேரும். இங்கே மட்டும் கிலோமீட்டர் எண் உண்மையிலேயே பேசுகிறது. அதேபோல் உங்கள் ஓட்டமே தினம் நான்கு கிலோமீட்டர்தான் என்றால், எவ்வளவு நல்ல டீசல் காரைத் தேடிப் பிடித்தாலும் சில மாதங்களில் நீங்களே அதைக் கெடுத்துவிடுவீர்கள். பெட்ரோல் கார் பாருங்கள்.

உரிமையாளரிடம் நேரடியாக வாங்கும்போது பெரும்பாலும் உத்தரவாதச் சீட்டு எதுவும் கிடைக்காது. ஆனால் ஓட்டியவரே எதிரில் நிற்கிறார், அது சின்ன விஷயமல்ல. “ஏதாவது கோளாறு உண்டா?” என்று கேட்டால் எவரும் “இல்லை” என்பார். “வேலைக்கு எவ்வளவு தூரம் போய்வருவீர்கள்?” என்று கேளுங்கள், யோசிக்காமல் உண்மை வரும். சர்வீஸ் பில்களில் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறுகின்றனவா என்று பாருங்கள். எண்ணைக் குறைத்துவைப்பவர்கள் பழைய பில்லை மறந்துவிடுவதுண்டு. வால்வுகளை பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள காரில், அதை மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

பார்க்க வருவதற்கு முன்னால் காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. போனதும் முதல் வேலை, பானெட்டின் மேல் கை வைப்பது. ஒருமுறை எனக்காக “சும்மா துடைத்து வைத்திருந்த” காரின் பானெட் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் அங்கே பார்க்க எதுவும் இருக்கவில்லை.

ஆறிய இன்ஜின் சில சுற்றுகளில் பிடிக்க வேண்டும். வெள்ளைப் புகை நொடியில் மறைந்தால் பரவாயில்லை. சூடேறிய பிறகும் தொடர்ந்து வந்தால், டீசல் எரியவில்லை அல்லது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது. நீலம் ஆயில் எரிவதைக் காட்டும். கறுப்பு, காற்று போதாமையை. கரி வடிகட்டி சரியாக இருக்கும் காரில் கறுப்புப் புகையே தெரியக்கூடாது. தெரிந்தால் யாரோ அதைக் கழற்றிவிட்டிருக்கலாம், பல நாடுகளில் இது சட்டவிரோதமும்கூட. அடுத்து, ஐட்லிங்கில் ஆயில் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். லேசான ஆவி இயல்பு. புஸ்புஸ்ஸென்று காற்று தள்ளினால் பிஸ்டன் ரிங் வழியே அழுத்தம் கசிகிறது. மெக்கானிக்குகள் இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம், அங்கிருந்து வந்துவிடுங்கள்.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சின்ன ஸ்கேனர் ஒன்றைச் செருகினால், கோளாறுக் குறியீடுகளை அழித்த பிறகு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பெரும்பாலான கார்கள் காட்டிவிடும். அங்கே 12 என்று இருந்தால் நேற்றுதான் அழித்திருக்கிறார்கள். எதை, ஏன் என்று கேளுங்கள்.

அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைத்து உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இந்தச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சூடான டீசல் நீர்த்துவிடும். தேய்ந்த இன்ஜெக்டரின் மைக்ரான் இடைவெளி வழியே இன்னும் சுலபமாகத் திரும்பி ஒழுகும். ஸ்டார்ட்டர் சுழன்றாலும், இன்ஜெக்டர்களுக்கு டீசலைத் தரும் பொதுக் குழாயான ரெயிலில் போதிய அழுத்தம் சேராது. ஆறியிருக்கும்போது பட்டென்று பிடித்த கார், சூட்டில் ஐந்தாறு விநாடி இழுத்தால், இன்ஜெக்டர்களுக்கோ உயர் அழுத்தப் பம்புக்கோ ஆகும் செலவைக் கேட்ட விலையில் கழித்துவிட்டுத்தான் பேரத்தைத் தொடங்க வேண்டும்.