வளையும் பாகத்துக்கு வலிமையான எஃகு தீர்வாகாது

பாகம் ஒன்று வளைகிறது என்றால் அதை இன்னும் ‘ஸ்ட்ராங்’ ஆன எஃகில் செய்துவிடலாம் என்ற முடிவு எத்தனை எளிதாக எடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன நிலையில்தான் இதை எழுதுகிறேன். அண்மையில் பரிசீலனைக்கு வந்த ஒரு டிராயிங்கில், முதலில் எழுதியிருந்த மைல்டு ஸ்டீலை, அதாவது சாதாரண மென் எஃகை, அடித்துவிட்டு ஈ.என். 24 என்ற வலிமை கூடிய கலப்பு எஃகாகத் திருத்தியிருந்தார்கள். அதையும் அடித்துவிட்டு, வலிமையும் விலையும் அதைவிடக் கூடிய ஒரு கலப்பு எஃகை எழுதி, அதை வெப்பப் பதப்படுத்தவும் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பாகம் அதே அளவுக்குத்தான் தொங்கியது. எஃகு விற்றவர் ஏமாற்றிவிட்டாரோ என்ற சந்தேகத்தில், பொருளைச் சோதித்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். எஃகில் ஒரு குறையும் இல்லை. கேட்ட பண்பை அது சரியாகவே கொடுத்தது. தேவைப்பட்ட பண்புதான் வேறு.

பாகம் மிகவும் எளிமையானது: ஒரு முனை மட்டும் இறுக்கப்பட்ட தட்டைப் பட்டை, நீளம் 400 மி.மீ., அகலம் 50, தடிமன் 10. நுனியில் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள கேமரா. கணக்கிட்டால் நுனி 1.3 மி.மீ. அளவுக்குத் தாழும் என்று வருகிறது. வடிவமைத்தவர்கள் கவனிக்கத் தவறிய இன்னோர் எண்ணும் அதே கணக்கில் இருக்கிறது. இறுக்கிய இடத்தில், பட்டையின் மேல்பரப்பில் எழும் தகைவு, அதாவது ஓர் அலகு பரப்பின் மேல் வரும் விசை, சுமார் 24 மெகாபாஸ்கல் மட்டுமே. மைல்டு ஸ்டீல் நிரந்தரமாக வளையத் தொடங்குவது ஏறத்தாழ 250 மெகாபாஸ்கலில். அதாவது, தன் வலிமையில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தாமல் நின்றிருந்த ஒரு பட்டைக்கு, இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட வலிமையைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

இங்கேதான் சற்று நின்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மனத்தில் தங்குவதில்லை. சுமை ஏற்றும்போது பொருள் எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பது விறைப்பு. எவ்வளவு சுமைக்குப் பிறகு அது பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் போகிறது, எப்போது அறுகிறது என்பது வலிமை. முதலாவதைத் தீர்மானிப்பது யங் குணகம். அது எஃகு வகைகள் அனைத்துக்கும் ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கலை ஒட்டியே இருக்கிறது. கார்பன் கூடினாலும் குறைந்தாலும், குரோமியமும் நிக்கலும் சேர்த்தாலும், காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் அந்த எண் பெரிதாக அசைவதில்லை. கலவையும் வெப்பப் பதப்படுத்தலும் உயர்த்துவது வலிமையை, அதாவது வளைவு எந்த இடத்தில் நிரந்தரமாகிறது என்ற எல்லையை. அந்த எல்லைக்கு வெகு கீழே நின்று தொங்கும் பட்டைக்கு, எல்லை எங்கே இருந்தால் என்ன?

இதையே அதிர்வு என்ற பெயரில் கேட்பவர்களும் உண்டு. இயந்திரம் ஓடும்போது அதன் தாங்கு கை நடுங்குகிறது, நல்ல எஃகாகப் போடுங்கள் என்பார்கள். எஃகுகளின் அடர்த்தியும் குணகமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், வடிவத்தை மாற்றாத வரை இயல்பு அதிர்வெண்ணும் மாறாது. டைட்டானியத்தில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: அதன் குணகம் ஏறத்தாழ 110 ஜிகாபாஸ்கல். அதே அளவில் செய்தால் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு தொங்கும். விண்ணில் பறக்கும் பொருள் என்பதற்காக அது எல்லா வகையிலும் உயர்ந்ததாகிவிடாது.

தொங்கலைக் குறைப்பது வடிவம். மெல்லிய அடிக்கோலைப் படுக்கவைத்து வளைத்துப் பார்த்த எவருக்கும், செங்குத்தாக நிறுத்தினால் அது அசையாது என்பது தெரியும். மேலே சொன்ன பட்டையையே 50 மி.மீ. பக்கம் உயரமாக நிற்கும்படி திருப்பிப் பொருத்தியிருந்தால் விறைப்பு 25 மடங்கு கூடி, தொங்கல் 0.05 மி.மீ. ஆகக் குறைந்திருக்கும், அதற்கு ஒரு கிராம் எஃகுகூடக் கூடுதலாகத் தேவைப்படாது. திருப்ப இடமில்லையென்றால் தடிமனை 10 மி.மீ. இலிருந்து 12 மி.மீ. ஆக்கினாலே தொங்கல் 0.74 மி.மீ. ஆகிவிடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. இதனால்தான் அலுமினியமும் வியப்பான விடையைத் தருகிறது. அதன் குணகம் 70 ஜிகாபாஸ்கல் மட்டுமே என்பதால், அதே அளவில் செய்தால் மூன்று மடங்கு தொங்கும். அதே அகலத்தில், எஃகுப் பட்டையின் எடைக்குச் சமமாக 29 மி.மீ. தடிமனில் செய்தால், எஃகைவிட எட்டு மடங்குக்கு மேல் விறைப்பாக நிற்கும். இடமும் எடையும் என்ன என்று தெரியாமல் எது ‘நல்ல மெட்டீரியல்’ என்று கேட்பது அர்த்தமற்ற கேள்வி.

உங்கள் சிக்கல் எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நுனியில் ஒரு டயல் கேஜை, அதாவது சிறு நகர்வை முள்ளால் காட்டும் அளவியை, பொருத்தி, முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, சுமையை ஏற்றி, பிறகு இறக்குங்கள். முள் பூஜ்யத்துக்குத் திரும்பினால் அது விறைப்பின் சிக்கல், வடிவத்தை மாற்றுங்கள். திரும்பாமல் நின்றால் பொருள் நிரந்தரமாக வளைந்திருக்கலாம், அப்போது வலிமையைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன், இறுக்கிய போல்ட்டுக்கு அருகே இன்னொரு கேஜை வைத்து, பட்டை வளையாமல் பிடிப்பே நழுவியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாதி ‘வளைவுகள்’ அங்கேதான் பிறக்கின்றன.

அடுத்த குழப்பம் கடினத்தன்மை. பரப்பில் ஒரு முனையை அழுத்தினால் எவ்வளவு பள்ளம் விழுகிறது என்பதையே ராக்வெல், விக்கர்ஸ், பிரினெல் சோதனைகள் அளக்கின்றன. உராய்ந்து தேயும் பரப்புகளுக்கு அது உயிர்நாடி. அடிபடும் பாகத்துக்கு அதுவே எமன். தேய்மானம் என்ற பேச்சே இல்லாத பாகங்களின் டிராயிங்கிலும் 58 முதல் 60 எச்.ஆர்.சி. (ராக்வெல் அளவையில் மிகக் கடினம்) என்று எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பழைய டிராயிங்கிலிருந்து நகலெடுக்கப்பட்ட குறிப்பு என்பது பார்த்த உடனே தெரிகிறது. அப்படி எழுதி, ஒவ்வொரு சுழற்சியிலும் அடிவாங்கும் இடத்தில் பொருத்தப்பட்ட ஒரு ‘பின்’ (உருளை முளை) உடைந்து வந்தது. முறிந்த முகம் தட்டையாக, சர்க்கரைத் தூளைப் போலப் பொடிப்பொடியாக மின்னியது; விட்டத்தில் ஒடுக்கமோ நெளிவோ எங்கும் இல்லை. நைந்து, இழுபட்டு, மங்கிய நார்போன்ற முகத்துடன் அறுந்திருந்தால், உடைவதற்கு முன் அது போராடியது என்று கொள்ளலாம். இந்தப் ‘பின்’ போராடவே இல்லை.

உடைவதற்கு முன் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்ற பண்பு, அதாவது டஃப்னஸ், வலிமையிலிருந்தும் கடினத்தன்மையிலிருந்தும் வேறானது. சிறு வெட்டு போட்ட துண்டை ஊசல் சுத்தியலால் அடித்து உடைத்து, அது உள்வாங்கிய ஆற்றலை ஜூலில் அளக்கும் சார்பி சோதனை இதற்காகவே இருக்கிறது. வலிமைச் சோதனையில் தேறிய எஃகு இதில் தோற்கலாம், அதிலும் குளிரில். 1943 ஜனவரியில், கட்டி முடித்து, சோதனை ஓட்டத்திலிருந்து திரும்பிய நிலையில், அமைதியான நீரில் நின்றிருந்த ஷெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. அக்காலத்தில் பற்றவைத்துக் கட்டிய கப்பல்கள் பலவற்றில் கண்ட விரிசல்களை ஆராய்ந்தபோது, குளிரில் நொறுங்கும் இயல்புள்ள எஃகு, பற்றவைப்புக் குறைகள், கூரிய மூலைகள் ஆகியவை சேர்ந்து செய்த வேலை அது என்று தெரியவந்தது. தேய்மானமும் அடியும் சேர்ந்து வரும் பாகத்துக்குக் கேஸ் ஹார்டனிங் இருக்கிறது: தோல் கடினமாகும், உள்ளம் விட்டுக்கொடுக்கும். கேட்டால் வெப்பப் பதப்படுத்துபவரே சொல்வார், கேட்பதில்லை.

கூரிய மூலை என்றதும் நினைவுக்கு வருகிறது. இழுவிசையில் உள்ள அகலமான தட்டில் ஒரு வட்டத் துளை போட்டாலே அதன் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகிறது. உள்மூலையை ஆரம் தந்து உருட்டாமல் கூராகவே விட்டால் என்னவாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். சுமை திரும்பத் திரும்ப வரும்போது, வலிமையின் எல்லைக்கு வெகு கீழேயே விரிசல் அங்கே தொடங்கி, சிறுகச் சிறுக முன்னேறி, ஒருநாள் முறிகிறது. இரயில் அச்சுகள் இப்படி முறிவதை வோலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முறையாகச் சோதித்து எழுதிவைத்துவிட்டார். இதற்கும் வலிமை கூடிய எஃகையே மருந்தாகக் கேட்கிறார்கள். வலிமை கூடக்கூட எஃகு மூலைகளையும் கீறல்களையும் மன்னிப்பது குறைகிறது என்பதால், மூலையை அப்படியே விட்டுவிட்டு எஃகை மட்டும் உயர்த்தினால் கிடைக்கும் பலன் செலவுக்கு ஈடாவதில்லை. 2 மி.மீ. ஆரம் போடுங்கள், பெரும்பாலும் அது இலவசம்.

போல்ட்டிலும் இதே கதைதான். அதன் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் பெயரளவில் 800 மெகாபாஸ்கல் இழுவலிமை, அதில் 80 சதவீதமான 640இல் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று பொருள், 12.9 என்றால் 1200, 1080. இணைப்பு தளர்கிறது என்று 8.8ஐக் கழற்றி 12.9 போட்டு, அதே டார்க்கில் (திருகு விசையில்) இறுக்கினால் கிடைப்பது அதே இறுக்கு விசைதான். தளர்வைத் தடுப்பது அந்த விசை. போல்ட்டின் தலையில் பொறித்த எண் தடுப்பதில்லை. துருப்பிடிக்கக் கூடாதென்று அந்த 12.9க்கு மின்முலாமும் பூசச் சொல்லிவிடுகிறார்கள். அமிலத்தில் கழுவும்போதும் முலாம் பூசும்போதும் எஃகுக்குள் நுழையும் ஹைட்ரஜன், இத்தனை வலிமையுள்ள எஃகைச் சத்தமின்றி நொறுங்கவைக்கும். இறுக்கிச் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து, யாரும் தொடாதபோதே தலை தெறித்து விழும். 12.9க்கு மின்முலாம் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

வளைவதே வேலையாக உள்ள பாகங்களையும் இந்த மோகம் விட்டுவைப்பதில்லை. பிளாஸ்டிக் மூடியின் கொக்கி உடைகிறது என்று தடிமனைக் கூட்டுகிறார்கள். கூடவே கண்ணாடி இழை சேர்த்த நைலானுக்கும் மாறுகிறார்கள். 10 மி.மீ. நீளமும் 1.5 மி.மீ. தடிமனும் உள்ள கொக்கி 1 மி.மீ. விலகினால் அதன் வேரில் ஏற்படும் திரிபு, அதாவது நீட்சியின் விகிதம், 2.25 சதவீதம், தடிமனை 2.5 ஆக்கினால் அது 3.75 சதவீதமாகிறது. இழை சேர்த்த நைலானோ உலர்ந்த நிலையில் 3, 4 சதவீதம் நீள்வதற்குள் முறிந்துவிடும். கொக்கியை நீளமாக்குங்கள், அல்லது மெலிதாக்குங்கள். நம்ப முடியாமல் மறுபடியும் கேட்பவர்களிடம், மாதிரியை அச்சிட்டு விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்வதில்லை. முப்பரிமாண அச்சில் அடுக்குகள் எந்தத் திசையில் படிந்தன என்பதைப் பொறுத்து அதுவே வேறு பொய் சொல்லும்.

ஆகவே, பொருளை மாற்றும் முன் நேர்ந்தது தொங்கலா, நிரந்தர வளைவா, தேய்மானமா, அடியில் நொறுங்கியதா, நாள்பட்டு விரிசல் விட்டதா என்பதை ஒரே வரியில் எழுதிவையுங்கள். அந்த வரியை எழுத முடியாவிட்டால் டிராயிங்கில் உள்ள மெட்டீரியல் கட்டத்தைத் தொடாதீர்கள். உராயாத பரப்புக்குக் கடினத்தன்மை எழுதாதீர்கள். உராயும் பரப்புக்கு எழுதினால் எந்தப் பரப்பு, எவ்வளவு ஆழம் என்றும் எழுதுங்கள். உள்மூலைகள் அனைத்துக்கும் ஆரம் குறியுங்கள், குறிக்காவிட்டால் இயந்திரத்தில் வேலை செய்பவர் தன் டூலின் முனைக்கேற்ப ஒன்றை விட்டுவிடுவார், அது உங்கள் கணக்கில் இருக்காது.

பாகம் உடைந்தே போயிருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். எங்கே விரிசல் தொடங்கியது, எத்தனை காலமாக வளர்ந்தது என்று சொல்லும் கோடுகள் அந்த முகங்களில் இருக்கின்றன. ஒருமுறை உரசினாலே அவை மழுங்கிவிடும். துடைக்காமல், கம்பிப் பிரஷ் போடாமல், விரலால் தடவாமல், ஈரமில்லாத தனித்தனிப் பைகளில் இட்டு, எந்தத் துண்டு எந்தப் பக்கம் இருந்தது என்று பையின் மேல் எழுதி அனுப்புங்கள்.