கால் வலி குறைந்து இடுப்பு வலி கூடுகிறதா? பயப்படாதீர்கள்

போன மாதம் லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்கிறதாம். தும்மினால் உயிர் போகிறதாம். வாயு என்று பூண்டு தின்று, சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவி, எதற்கும் கேட்காமல் கடைசியில்தான் பிசியோதெரபிக்கு வந்திருந்தார். எல்லோரும் காலையே உருவியிருக்கிறார்கள். கால் என்ன செய்யும், பாவம்!

கோளாறு இடுப்பில். கீழ் முதுகிலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்துதான் சயாட்டிக் நரம்பு ஆகிறது, நம் உடம்பிலேயே தடித்த நரம்பு அதுதான். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கிற டிஸ்க் பிதுங்கி அந்த வேர்களில் ஒன்றை உரசினால், அது போய்ச் சேரும் இடமெல்லாம் வலிக்கும், மரத்துப்போகும். இந்த வலியைத்தான் சயாட்டிகா என்கிறோம். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் ஒரு வேர், கட்டைவிரல் பக்கம் என்றால் பெரும்பாலும் அதற்கு மேல் உள்ள வேர். (சுகர் உள்ளவர்களுக்கு இரண்டு பாதமும் எரிவது வேறு கதை, அதையும் சயாட்டிகா என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.)

அவரைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மெல்ல நெஞ்சைத் தூக்கும் பயிற்சி கொடுத்தேன். பத்து நாள் கழித்து போன். "சார், கால் வலி முழங்காலுக்கு மேலயே நின்னுடுச்சு, ஆனா இடுப்பு முன்னைவிட வலிக்குது, அதான் விட்டுட்டேன்."

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு, பிறகு இடுப்புக்கு என்று ஏறி வந்தால் நல்ல அறிகுறி, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மாறாக இடுப்பு லேசாகி வலி கீழே இறங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு ஒத்துவரவில்லை, உடனே நிறுத்துங்கள். அதனால்தான் யூடியூபில் பார்த்து ஏதாவது ஒன்றைச் செய்யாதீர்கள் என்கிறேன். வயதானவர்களில் நரம்பு போகும் பாதையே சுருங்கியிருந்தால், பின்னால் வளைகிற இதே பயிற்சி வலியைக் கூட்டிவிடும்.

ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் என்று வந்தாலே ஆபரேஷன்தான் என்று நினைக்க வேண்டாம். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிக்கு மேல் அப்படித்தான் வரும். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் கத்தி வைக்காமலே வலி நன்றாகக் குறைந்துவிடுகிறது. அதற்காகப் படுத்தே கிடக்கக் கூடாது. ஓரிரு நாள் போதும், அப்புறம் தாங்கும் அளவுக்கு நடமாடுங்கள்.

ஆனால் சிறுநீர் வராமல் அடைத்தாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் உணர்ச்சி குறைந்தாலோ, இரண்டு காலும் பலமிழந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இரவானாலும் நேரே பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடக்கும்போது பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தானாகக் கழன்று விழுந்தால், என்னிடம் வருவதற்கு முன் அன்றைக்கே முதுகெலும்பு மருத்துவரைப் பாருங்கள்.