வலிக்காத கடி

இந்த ஐப்பசியில் கட்டுவிரியன் பாம்பு கடித்து வந்தவர்களில் இது மூன்றாவது ஆள். மூன்று பேரும் தரையில் படுத்தவர்கள். மூன்று பேரும் விடியுமுன்னே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்கள். மூன்று பேருக்கும் முதலில் கிடைத்த வைத்தியம் கேஸ் மாத்திரை. மூன்றாவது ஆளுக்குத் தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் சேர்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

நான் மயக்க மருத்துவர். மூச்சு நிற்கப்போகிற நேரத்தில்தான் பாம்புக்கடிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் நான் பார்ப்பதெல்லாம் தாமதமாக வந்தவர்களையே.

மூவரில் முதலில் வந்தவளுக்கு ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். வயது 26, பீடி சுற்றுகிறவள். ராத்திரி சுளகை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பட்டாசலிலேயே பாயை விரித்திருக்கிறாள். நடுச்சாமத்தில் விரலில் ஏதோ சுருக்கென்றிருக்கிறது. கையை உதறிவிட்டுத் தூங்கிவிட்டாள். 3 மணிக்கு வயிற்றைப் பிசைந்தது, ஒரு வாந்தி. 'பூச்சி கீச்சி கடிச்சிருக்குமோ' என்று மாமியாருக்குச் சந்தேகம் வந்தது. (விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பென்று சொல்லாத ஊர் நம் ஊர். 'பூச்சி கடிச்சிட்டு' என்று யார் வந்தாலும் 'எந்தப் பூச்சி?' என்று இரண்டு தடவை கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.) டார்ச் அடித்து விரலைப் பார்த்திருக்கிறார்கள். தடம் இல்லை, வீக்கம் இல்லை, வலியும் இல்லை. சிறியாநங்கை இலையை மெல்லச் சொன்னார்கள். "கசக்குதுல்லா, அப்பம் விஷம் ஏறல" என்று தீர்ப்பாகிவிட்டது. 7 மணிக்கு இமை இரண்டும் சரிந்ததைத் தூக்கக் கலக்கம் என்றார்கள். எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் ஒழுகிய பிறகுதான் ஆட்டோ வந்தது.

என்னிடம் வந்தபோது பேச்சு குழறினாலும் பேசினாள். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். 9 வரை வந்தாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன், 4-இல் நின்றுவிட்டது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. அதற்குமேல் காத்திருக்க ஒன்றுமில்லை.

வலி இல்லை, வீக்கம் இல்லை, அதனால் விஷம் இல்லை. இந்தக் கணக்கை யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? கண்ணாடி விரியன் சொல்லிக்கொடுத்தது. வயலில் அது கடித்தால் கால் உரல்போல வீங்கும், ஆள் அலறுவார், ரத்தம் உறையாமல் கசியும். அதைப் பார்த்துப் பார்த்து, எல்லாப் பாம்பும் அப்படித்தான் கடிக்கும் என்று முடிவு கட்டிவிட்டோம். கட்டுவிரியன் வேறு சாதி. அதன் பல் குட்டை, தடம் கொசுக்கடி அளவுகூட இராது. பல சமயம் லென்ஸ் வைத்துத் தேடினாலும் எனக்கே அகப்படுவதில்லை. கடித்த இடத்துச் சதையை அந்த விஷம் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, அதன் வேலையெல்லாம் நரம்பும் தசையும் சேரும் இடத்தில். அப்புறம் எப்படி வீங்கும்? எப்படி வலிக்கும்? வீங்கவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர்களைத்தான் நான் குழாய் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படுத்திருந்தவருக்கு விடிகாலையில் காரணமில்லாத வயிற்றுவலி, கூடவே இமை சரிவு என்றால், வேறென்று நிரூபணமாகும் வரை அது கட்டுவிரியன்தான். பாம்பை யாரும் பார்க்கவில்லையே என்கிறீர்களா? அது ராத்திரியில் நடமாடும் பாம்பு, பார்க்க வாய்ப்புக் குறைவு. சிறியாநங்கையைப் பொறுத்தவரை, அது எல்லோருக்கும் எப்போதும் கசக்கும். நானும் மென்று பார்த்திருக்கிறேன்.

சரி, விஷம் உள்ளே என்ன செய்கிறது? கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மூளையின் கட்டளை நரம்பு வழியே வந்து, அதன் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனமாக வெளிப்படுகிறது. தசையின் மேல் அதற்கென்று ஐந்து துண்டுகளால் ஆன ஒரு மடை உண்டு. ரசாயனம் வந்து ஒட்டினால் மடை திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாயும், தசை சுருங்கும். நல்லபாம்பின் நரம்பு விஷம் அந்த மடையில் அடைத்துக்கொள்கிறது. ஆபரேஷனில் தசையைத் தளர்த்த நான் போடும் வெக்குரோனியமும் அதே மடையைத்தான் அடைக்கிறது. என் மருந்து ஒரு மணி நேரத்துக்குள் விலகும், நான் பக்கத்திலேயே நிற்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். கட்டுவிரியனிடமும் மடையை அடைக்கிற விஷம் உண்டு. ஆனால் அதன் பெரிய நாசம் மறுகரையில் நடக்கிறது. பீட்டா பங்காரோடாக்ஸின் என்ற இரட்டைப் புரதம் நரம்பு நுனிக்குப் போய், ஒரு கையால் அங்குள்ள பொட்டாசியம் வாசலைப் பற்றிக்கொண்டு, மறு கையால் சவ்வை அரிக்கிறது. ரசாயனம் நிறைந்த பைகள் காலியாகின்றன, நுனியே சிதைகிறது. மடையில் சேறு அடைத்தால் வாரி எடுத்துவிடலாம். வாய்க்கால் கரையே உடைந்துபோனால் கட்டி முடிக்க நாளாகும்.

இதே பாம்பு இனம் அறிவியலுக்கு ஒரு பெரிய உபகாரமும் செய்திருக்கிறது. 1963-இல் தைவானில் சாங், லீ என்ற இருவர் அந்த நாட்டுக் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து ஆல்ஃபா, பீட்டா வகைகளைப் பிரித்தெடுத்தார்கள். ஆல்ஃபா அந்த மடையை ஒருமுறை பிடித்தால் லேசில் விடுவதில்லை. அந்தப் பிடியையே கருவியாக்கி, 1970-இல் மின்விலாங்கின் உடலிலிருந்து அசிட்டைல்கோலின் வாங்கியை, அதாவது அந்த மடையை, அடையாளம் கண்டார்கள். தசைகள் சோர்ந்துபோகும் மையஸ்தீனியா கிராவிஸ் நோயாளிகளின் தசையில் மடைகளே குறைந்திருக்கின்றன என்று தெரிந்ததும் இதே விஷத்தை வைத்துத்தான். விஷத்தின் பெயரில் இருக்கும் 'பங்காரு' தெலுங்குத் தங்கம்.

2024-இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ஆல்ஃபா வகை விஷங்களை முறிக்கும் ஓர் ஆன்டிபாடியை உருவாக்கின. 'பாம்புக்கடிக்கு இனி ஒரே ஊசி' என்று எனக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பாத ஆள் இல்லை. அருமையான வேலைதான். ஆனால் சோதித்தது எலிகளில். அதோடு அது மடையை அடைக்கிற வகைக்கான மருந்து, கரையை உடைக்கிற பீட்டாவுக்கு இல்லை.

கையில் இருப்பது குதிரைகளிலிருந்து எடுக்கப்படும் பழைய விஷமுறிவு மருந்துதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் அது ஒன்றே. ஆகவே பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், அடிக்கப்போய் இரண்டாவது ஆளும் கடிபட்டு வந்ததுண்டு. அந்த மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும். நரம்பு நுனிக்குள் நடந்து முடிந்த சேதத்தைச் சரிசெய்யாது. 4 மணிக்கு வருவதற்கும் 8 மணிக்கு வருவதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். 8 மணிக்கு வந்தால் நரம்பு புதிதாக முளைக்கும் வரை, நாள் கணக்கில், இயந்திரம்தான் மூச்சுவிட வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கெஞ்சலாகவே கேட்டுக்கொள்கிறேன். கட்டுவிரியன் கடித்து முழுதாகச் செயலிழந்தவர் கண் திறக்க மாட்டார், கூப்பிட்டால் அசைய மாட்டார், கண்மணிகூட விரிந்து நிலைத்திருக்கலாம். பார்த்தால் போய்விட்டதுபோலவே இருக்கும். போகவில்லை. காது கேட்கும், தொடுவது தெரியும். ஆறாம் நாள் குழாயை எடுத்தவுடன் அந்தப் பீடி சுற்றும் பெண் சொன்ன முதல் வார்த்தை, "என் கம்மல் எங்க?" கழற்றியது சின்ன நாத்தனார். நகை தொலைந்துவிடும் என்றுதான் கழற்றியிருக்கிறாள். ஆனால் கட்டிலருகே நின்று யார் யாருக்குச் சொல்லியனுப்பலாம் என்று பேசிய அத்தனை பேச்சையும் இவள் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். தயவுசெய்து பக்கத்தில் நின்று அழாதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, இன்ன கிழமை, இன்ன நேரம், சரியாகிவிடும் என்று சொல்லுங்கள்.

மழை நிற்கும் வரையாவது தரையில் படுக்காதீர்கள். முடியாது என்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகுங்கள். பீடி இலை மூட்டை, விறகு, நெல் மூட்டை எதையும் தலைமாட்டில் வைக்காதீர்கள். எலியும் பல்லியும் இருக்கும் இடம் அதற்குச் சாப்பாட்டுக் கடை. சந்தேகம் வந்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அது வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வாருங்கள். எச்சில் ஒழுகினால் ஒருக்களித்துப் படுக்கவைத்துத்தான் கொண்டுவர வேண்டும், மல்லாக்கக் கிடத்தக் கூடாது. வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நிறுத்தாதீர்கள். குழந்தை என்றால் மருந்தைக் குறைத்துப் போடச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். பாம்பு ஆள் பார்த்து அளந்து கடிப்பதில்லை.

போன வாரம் அவள் ரிவியூவுக்கு வந்திருந்தாள். காதில் கம்மல். கட்டில் வாங்கச் சொல்லியிருந்தேனே என்றேன்.

"வாங்கியாச்சு டாக்டரம்மா. நல்ல பெரிய கட்டில்."

"நல்லது. யார் படுக்கிறா?"

"மாமா படுத்துக்கிடுதாவ."

"நீ?"

சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தாள். "கட்டிலுக்குப் பக்கத்துல."